வேலூர்–ஆம்பூர் பேருந்துப் போக்குவரத்து

வேலூர்–ஆம்பூர் பேருந்துப் போக்குவரத்து என்பது ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனச் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித் தொடரும் தோல் தொழில் ஊர்களை இணைக்கும் சேவை. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டமும் தனியாரும் இங்கே வண்டி ஓட்டுகின்றனர். ஆந்திர, கர்நாடக அரசுப் பேருந்துகளும் வந்துபோகின்றன.

1972இல் பெரிய பேருந்து நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. சிறு முதலாளிகளின் பர்மிட்டுகள் தப்பின. 1982இல் வேலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பட்டுக்கோட்டை அழகிரி போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997இல் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீங்கியபோது அழகிரியின் பெயரும் போயிற்று. பின்னர் வேலூர் விழுப்புரத்தோடு இணைந்தது.

கட்டணத்தை அரசே நிர்ணயிப்பதால், ஒரே வகைப் பேருந்தில் அரசு வண்டிக்கும் தனியார் வண்டிக்கும் டிக்கெட் விலை ஒன்றுதான். ஆகவே போட்டி நிமிடங்களில் நடக்கிறது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வட்டாரப் போக்குவரத்து ஆணையம் வகுக்கிறது. முன்வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தால் பின்வண்டிக்கான பயணிகளையும் அதுவே அள்ளிக்கொள்ளும். டைமிங் தகராறுகளுக்கு வேர் இதுவே. வேலூரின் பாகாயம்–காட்பாடி நகரத் தடத்திலும் அரசு, தனியார் வண்டிகளுக்கிடையே இந்த ஓட்டம் உண்டு.

மாநிலம் கடக்கும் தடங்களில் இந்த அவசரம் குறைவு. மோட்டார் வாகனச் சட்டம் 88ஆம் பிரிவின்படி மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொள்கின்றன; யார் எத்தனை வண்டி, எந்தத் தடத்தில் ஓட்டலாம் என்பது அதில் முன்கூட்டியே முடிவாகிவிடும். உள்ளூரில் வாய்க்காத ஒழுங்கு எல்லையில் வாய்த்திருப்பது வேடிக்கைதான்.

உள்ளூர்த் தடங்களில் அரசு, தனியார் வண்டிகளுக்கு இருந்த சம விலையை உடைத்தது 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லாப் பயணம். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டுமே அது செல்லும். அதற்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அதே தடத்தில் ஓடும் தனியாருக்கு அந்த ஈடு இல்லை. ஆம்பூர்ப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களே மிகுதி என்பதால் இது சிறிய மாற்றமன்று. எனினும் பல தொழிற்சாலைகள் சொந்த வேன்களை ஊர் ஊராக அனுப்பித் தொழிலாளிகளை ஏற்றிக்கொள்வதால், ஷிப்டு நேரக் கூட்டத்தில் ஒரு பகுதி இரு தரப்புக்கும் கிடைப்பதில்லை.

கர்நாடகம் 2023இலும் ஆந்திரம் 2025இலும் இத்தகைய திட்டங்களைத் தொடங்கின. அவை பெரும்பாலும் மாநிலத்துக்குள்தான் செல்லும். சித்தூரிலிருந்து வேலூர் வரும் பெண் டிக்கெட் எடுத்தே ஆகவேண்டும்.