வீட்டு கம்ப்யூட்டரில் 3டி படம் ஓடுமா? பழைய கிட் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஓசூர், பாகலூர் பக்கம் இருப்பவர்களுக்கு கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்க ஒரு வசதி உண்டு. எல்லையைத் தாண்டினால் பெங்களூரு எஸ்.பி. ரோடு. அங்கேயோ ஆன்லைன் செகண்ட் ஹேண்ட் விளம்பரங்களிலோ 'என்விடியா 3டி விஷன்' கண்ணாடி, 3டி மானிட்டர், பழைய 3டி டிவி எல்லாம் குறைந்த விலைக்குக் கண்ணில் படும். வாங்கலாமா? சிலதை வாங்கலாம். சிலதை வாங்கினால் காசு தண்டம். எது எதுன்னு பார்ப்போம்.

3டி எப்படி வேலை செய்யுது?

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6 செ.மீ. இடைவெளி இருக்கு. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்ணும் கொஞ்சம் வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்த வித்தியாசத்தில் இருந்துதான் மூளை ஆழத்தைக் கணக்கு போடுது. இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் எனத் தனித்தனியாகக் காட்டினால் தட்டையான திரையிலும் ஆழம் தெரியும். 1838-ல் சார்லஸ் வீட்ஸ்டோன் இதை விளக்கினார். 1984-ல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்', 1985-ல் வந்த 'அன்னை பூமி', 2018-ல் வந்த '2.0' எல்லாமே இதே தத்துவம்தான்.

சினிமா மட்டும் இல்லைங்க. 2005 மே 5-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று முன்பக்கம் சாய்ந்து பார்க்கும், இன்னொன்று கொஞ்சம் பின்பக்கம் பார்க்கும். ஒரே நிலத்தை இரண்டு கோணத்தில் எடுத்து மேடு பள்ளத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்

2009-ல் பிரபலமான 3டி விஷன் கிட்டுக்கு 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் தேவை. திரையில் இடது, வலது படங்கள் மாறி மாறி வரும். கண்ணாடியின் ஷட்டர் அதே வேகத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறக்கும். ஆனால் 2019-ல் என்விடியா இதற்கான சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. டிரைவர் ரிலீஸ் 418 வரிசைதான் கடைசி. 2020-ல் தொடங்கி வந்த ஆர்டிஎக்ஸ் 30 வரிசைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் அந்தப் பழைய டிரைவரே பொருந்தாது. புது கார்டு வைத்திருப்பவர் இந்தக் கிட்டை வாங்கினால் கண்ணாடி அலமாரியில்தான் தூங்கும். பழைய கார்டு, பழைய விண்டோஸ் என ஒரு தனி மெஷினை அப்படியே வைத்திருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சோக் போட்ட பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். 120 ஹெர்ட்ஸ் ஷட்டர் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரூமே துடிக்கிற மாதிரி இருக்கும், தலைவலி வரும். செட்டிங்கில் 100 ஹெர்ட்ஸ் வைத்தால் துடிப்பு அடங்கும். லைட்டை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பழைய 3டி டிவி இருக்கா? அப்போ ஈஸி

சாம்சங், எல்ஜி, சோனி எல்லாமே 2016-17-க்குள் 3டி டிவியைக் கைவிட்டன. ஆனாலும் வீட்டில் ஒன்று இருந்தால், கம்ப்யூட்டரில் இருந்து ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும். ஸ்பெஷல் டிரைவர் எதுவும் வேண்டாம். 'சைடு பை சைடு' வகை வீடியோவை எந்த பிளேயரிலும் ஃபுல் ஸ்க்ரீனில் ஓடவிடுங்க. இரண்டு படம் பக்கத்துல பக்கத்துல தெரியும். ரிமோட்டில் 3டி பட்டனை அழுத்தி சைடு பை சைடு தேர்வு செய்தால் டிவியே இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஒவ்வொரு படமும் பாதி அகலத்துக்குச் சுருக்கப்பட்டிருப்பதால் தெளிவு கொஞ்சம் குறையும். அது சகஜம்.

கண்ணாடி விஷயத்தில் மட்டும் கவனம். எல்ஜியின் பல டிவிகள் பேட்டரி இல்லாத போலராய்டு கண்ணாடி வகை. அதற்கு தியேட்டரில் தருகிற மாதிரி கண்ணாடியே பெரும்பாலும் பொருந்தும் (திருப்பிக் கொடுக்க வேண்டிய கண்ணாடியைச் சொல்லவில்லை!). ஷட்டர் வகை டிவிக்கு அந்த டிவிக்குப் பொருந்தும் ஷட்டர் கண்ணாடிதான் வேண்டும். கண்ணாடி இல்லாமல் ஷட்டர் டிவியை மட்டும் விற்கிறார்கள் என்றால் விலகிடுங்க.

எதுவுமே இல்லையா?

சிவப்பு - நீலப்பச்சை அட்டைக் கண்ணாடி போதும். விஎல்சி பிளேயரில் டூல்ஸ் மெனுவில் எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ் போங்க. வீடியோ எஃபெக்ட்ஸில் அட்வான்ஸ்டு டேபில் 'அனாக்ளிஃப் 3டி' இருக்கும். டிக் செய்தால் சைடு பை சைடு வீடியோ சிவப்பு - நீலமாக மாறும். சிவப்பு இடது கண்ணுக்கு. கலர் கெட்டுப்போகும், ஆனால் செலவு கிட்டத்தட்ட இல்லை. 3டி நமக்குச் செட் ஆகுமான்னு பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சொந்தமாகக் கிராபிக்ஸ் செய்பவர்களுக்கு பிளெண்டர் இலவசம். 2015-ல் வந்த 2.75 பதிப்பில் இருந்தே அதில் ஸ்டீரியோஸ்கோபி வசதி உண்டு. அவுட்புட் பகுதியில் ஆன் செய்தால் ஒரே கேமராவில் இருந்து இரண்டு கண்ணுக்கும் ரெண்டர் ஆகும். ஒரே ஃபிரேமை இரண்டு முறை ரெண்டர் செய்வதால் நேரமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை மறக்காதீங்க. இரண்டு கேமராவின் இடைவெளியை ஆசைக்கு ஏற்ற மாதிரி கூட்டினால் ஆழம் பயங்கரமாகத் தெரியும்னு தோணும். உண்மையில் கண்தான் வலிக்கும்.

புதுசாகக் காசு போடுவதாக இருந்தால் விஆர் ஹெட்செட்தான் இன்றைக்குச் சரியான வழி. ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் படம் என்பதால் நிழல் படம் விழாது. சிறு பிள்ளைகளுக்கு மாட்டிவிட வேண்டாம். மெட்டா தன் ஹெட்செட்டுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச வயது 10.

முன்னால் இருப்பது பின்னால் போனால்?

ஆழம் தலைகீழாகத் தெரிந்தால் இடது, வலது மாறியிருக்கு என்று அர்த்தம். பிளேயரிலோ டிவி மெனுவிலோ 'ஸ்வாப்' கொடுத்தால் சரியாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும், வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் 3டி தெரிந்து ஒருவருக்கு மட்டும் தட்டையாகவே தெரியுதா? அது செட்டிங் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம். மாறுகண், 'சோம்பேறிக் கண்' உள்ளவர்களுக்கு 3டி ஆழம் தெரியாமல் போவதுண்டு. அந்த ஒருவர் குழந்தையாக இருந்தால், "உனக்குப் பார்க்கத் தெரியலை"ன்னு விட்டுடாதீங்க. கண் டாக்டரிடம் காட்டுங்க. சோம்பேறிக் கண்ணுக்கு சிறு வயதில் சிகிச்சை தொடங்கினால்தான் பலன் அதிகம்.