அணை நின்றது, அரசு சாய்ந்தது

ஆப்பிரிக்க வரைபடத்தில் இன்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காத நாடு ஒன்று உண்டு. 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 1-ஆம் நாள் பிறந்து, 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் மறைந்த அந்நாட்டின் பெயர் ரொடீஷியா-நியாசாலாந்துக் கூட்டரசு. பத்தாண்டுகளும் சில மாதங்களுமே அது வாழ்ந்தது. ஆனால் அது கட்டிய கரிபா அணை இன்றும் ஜாம்பெசி ஆற்றின் குறுக்கே நிற்கிறது. அவ்வணையின் பின்னே தேங்கியுள்ள ஏரி, கொள்ளளவில் உலகிலேயே மிகப் பெரிய செயற்கை ஏரியாகும்.

நீரின் அழுத்தம் பற்றிய பாடத்தில் இந்த அணையை எடுத்துக்காட்டாகக் கூறுவது என் வழக்கம். ஒருமுறை மாணவர் ஒருவர் எழுந்து, "அணை இருக்கிறது சரி, அதைக் கட்டிய நாடு எங்கே போயிற்று, சார்?" என்று கேட்டார். வகுப்பில் இரண்டொரு சொற்களில் விடை கூறி முடித்துவிட்டேன். அக்கேள்விக்குரிய முழு விடையை இங்கே காண்போம்.

மூன்று நிலங்கள், ஒரு கணக்கு

தென் ரொடீஷியா, வட ரொடீஷியா, நியாசாலாந்து என்னும் மூன்றும் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த நிலப்பகுதிகள். மூன்றுக்கும் கடற்கரை இல்லை. இவற்றுள் தென் ரொடீஷியா 1923 முதல் உள்நாட்டுத் தன்னாட்சி பெற்றிருந்தது. அந்தத் தன்னாட்சி அங்குக் குடியேறிய ஐரோப்பியரின் கையில்தான் இருந்தது. மற்ற இரண்டும் லண்டனின் நேரடிப் பாதுகாப்பில் இருந்தன.

மூன்றையும் இணைத்தால் என்ன என்ற எண்ணம் பொருளியல் கணக்கிலிருந்து பிறந்தது. வட ரொடீஷியாவில் தாமிரம் மண்டிக் கிடந்தது. தென் ரொடீஷியாவில் வாங்கி என்னுமிடத்தில் நிலக்கரிச் சுரங்கமும், புகையிலைத் தோட்டங்களும், வளர்ந்துவரும் ஆலைகளும் இருந்தன. நியாசாலாந்தில் தேயிலை விளைந்தது. அங்கிருந்து ஆண்கள் பிழைப்புத் தேடி மற்ற இரு நாடுகளின் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் சென்றுவந்தனர். ஒன்றிடம் இல்லாதது மற்றொன்றிடம் இருந்தது. மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 12,60,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வலிய நாடு உருவாகும். இப்பரப்பு இந்தியாவின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கூடுதலாகும்.

கடலில்லா நாட்டுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. வட ரொடீஷியாவின் தாமிரம் உலகச் சந்தையை அடைய வேண்டுமானால், போர்ச்சுகீசியர் வசமிருந்த மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கோ, அங்கோலாவின் லொபிட்டோ துறைமுகத்துக்கோ இரயிலில் செல்ல வேண்டும். இரயில் பாதை ஒன்றே. ஏற்ற வேண்டிய சரக்கோ மிகுதி. நிலக்கரி வண்டிகள் உரிய காலத்தில் வந்து சேராமையால், தாமிரச் சுரங்கங்கள் காட்டு மரங்களை வெட்டி எரித்து மின்சாரம் உண்டாக்கிய காலமும் இருந்தது. ஒரே அரசின்கீழ் இரயிலும் நிலக்கரியும் மின்சாரமும் அமைந்தால் இத்தொல்லை தீரும் என்று வாதிட்டனர்.

இக்கணக்கில் தவறு காண்பது அரிது. ஆனால் அதில் ஓர் உறுப்பு விடுபட்டிருந்தது. அந்நாடுகளில் வாழ்ந்த மக்களுள் மிகப் பெரும்பான்மையினர் ஆப்பிரிக்கர். இணைப்பை விரும்புகிறீர்களா என்று அவர்களை யாரும் வாக்குக் கேட்கவில்லை. 35 உறுப்பினர் கொண்ட முதல் கூட்டரசு மன்றத்தில் ஆப்பிரிக்க உறுப்பினர் அறுவரே. இரு இனத்தாரின் கூட்டுறவே அரசின் கொள்கை என்று அறிவித்தார்கள். ஆனால் அந்தக் கூட்டுறவு குதிரைக்கும் குதிரை மீது அமர்ந்திருப்பவனுக்கும் உள்ள கூட்டுறவைப் போன்றது என்று முதற் பிரதமர் சர் காட்ஃப்ரி ஹக்கின்ஸ் கூறியதாக ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

கரிபா

புதிய அரசின் பெருமைக்கு அடையாளமாக ஒரு பெரும் திட்டம் வேண்டியிருந்தது. ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் மின்சாரமும் வேண்டியிருந்தது. இரண்டு இடங்கள் ஆராயப்பட்டன. ஒன்று, முற்றிலும் வட ரொடீஷியாவுக்குள் ஓடும் காஃபுவே ஆற்றின் பள்ளத்தாக்கு. மற்றொன்று, இரு ரொடீஷியாக்களின் எல்லையாக ஓடும் ஜாம்பெசி ஆற்றின் கரிபா இடுக்கு. 1955-இல் கூட்டரசு கரிபாவைத் தேர்ந்தெடுத்தது. மின்நிலையமோ தென்கரையில், அதாவது தென் ரொடீஷியாவின் மண்ணில் அமைந்தது. தங்கள் தாமிரத்தின் வரிப்பணம் தலைநகராகிய சாலிஸ்பரிக்குச் செல்வதைக் கண்டு மனம் புழுங்கியிருந்த வட ரொடீஷியர்களுக்கு, மின்விசையின் பிடியும் தெற்கே போனது புதிய காயமாயிற்று.

1956-இல் உலக வங்கி இத்திட்டத்துக்கு 8 கோடி டாலர் கடன் வழங்கியது. அதுவரை ஒரு திட்டத்துக்கு அவ்வங்கி வழங்கிய கடன்களுள் இதுவே மிகப் பெரியது. பிரெஞ்சுப் பொறியியலறிஞர் ஆந்த்ரே காயின் அணையை வடிவமைத்தார். இத்தாலிய நிறுவனம் ஒன்று கட்டியது.

கரிபா ஒரு வளைவணை. சாதாரண எடையணை தன் சொந்தப் பளுவினால் நீரை எதிர்த்து நிற்கும். வளைவணையோ வில்லைப்போல் நீரை நோக்கி வளைந்து, தன்மீது விழும் தள்ளுவிசையை இரு கரைப் பாறைகளுக்கும் கடத்திவிடுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒவ்வொரு சதுர மீட்டர் மீதும் ஏறத்தாழ 100 டன் எடைக்குச் சமம். 128 மீட்டர் உயரமுள்ள கரிபாச் சுவர் இவ்விசையைத் தாங்குவது அதன் பருமனால் மட்டுமன்று; இரு கரைகளும் அதைத் தாங்கிக்கொள்வதால்தான். கரையில் ஒன்று நெகிழ்ந்தாலும் வளைவுக்கு வலிமையில்லை. தென்கரைப் பாறையில் பலவீனம் இருப்பது பின்னர் தெரியவந்தபோது, பாறையைக் குடைந்து கான்கிரீட் நிரப்பி வலுவூட்ட நேர்ந்தது.

இம்மின்நிலையத்தின் ஆற்றலை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் நீரின் நிறை 1000 கிலோகிராம். அது 100 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். இழக்கும் நிலையாற்றல் 1000 × 9.8 × 100, அதாவது 9,80,000 ஜூல். விநாடிக்கு ஒரு கன மீட்டர் நீர் பாய்ந்தால் 980 கிலோவாட் கிடைக்கும். தென்கரையில் முதலில் நிறுவிய 6 மின்னாக்கிகளின் மொத்தத் திறன் 600 மெகாவாட். ஆகவே, இழப்புகளையும் கருதினால், விநாடிக்கு 600 கன மீட்டருக்கு மேற்பட்ட நீர் வேண்டும்.

ஆற்றின் விடை

1957-இல் கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜாம்பெசியில் பெருவெள்ளம் வந்தது. மறு ஆண்டு, 1958 மார்ச்சில், அதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வெள்ளம் வந்தது. விநாடிக்கு 16,000 கன மீட்டர்! மேலே கணக்கிட்ட மின்நிலையத் தேவையைப்போல் 20 மடங்குக்கும் மேல். பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. இத்தகைய வெள்ளம் 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரக்கூடியது என்று பொறியியலார் மதிப்பிட்டனர். ஆற்றை அளந்து பதிந்த குறிப்புகளோ சில பத்தாண்டுகளுக்கே இருந்தன. குறுகிய காலத்துப் பதிவைக்கொண்டு நெடுங்காலத்தை நிகழ்தகவு காட்டுவதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். வெள்ளத்தை வெளியேற்றும் மதகுகளைக் கூட்டி, முடிவில் ஆறு மதகுகள் அமைத்தனர்.

அப்பள்ளத்தாக்கில் டோங்கா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர். ஆற்று வண்டல் படிந்த கரைகளில் பயிரிட்டு, படகேறி அக்கரை உறவினரைக் கண்டு திரும்பிய மக்கள் அவர்கள். ஆற்றில் நியாமிநியாமி என்னும் நாகதெய்வம் வாழ்வதாக நம்பினர். வெள்ளம் வந்தபோது, தெய்வத்தின் சீற்றம் என்றனர். ஏறத்தாழ 57,000 பேர் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். 1958 செப்டம்பரில் வெளியேற மறுத்த ஓர் ஊரில் காவலர் சுட்டதில் எட்டுப் பேர் மாண்டனர். மற்றவர்கள் லாரிகளில் ஏற்றப்பட்டு, வளமற்ற மேட்டு நிலங்களில் இறக்கிவிடப்பட்டனர். பெருகிய நீர் இரு கரை உறவுகளையும் பிரித்தது. நிலம் இழந்தவர்களின் குடிசைகளைத் தொடாமலே மின்கம்பிகள் பல்லாண்டுகள் சென்றுகொண்டிருந்தன.

1958 டிசம்பரில் அணையின் வாயில் அடைக்கப்பட்டது. நீர் உயர உயர, தீவுகளாகிவிட்ட குன்றுகளில் காட்டு விலங்குகள் சிக்கித் தவித்தன. அவற்றைப் படகுகளில் மீட்கும் பணிக்கு 'நோவா நடவடிக்கை' என்று பெயரிட்டனர். யானை, காண்டாமிருகம் முதல் பாம்பு வரை ஏறத்தாழ 6,000 விலங்குகள் மீட்கப்பட்டன. உலகச் செய்தித்தாள்கள் இதை வியந்து எழுதின. இடம்பெயர்ந்த மனிதரைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

விரிசல்கள்

அணை எழுந்த அதே ஆண்டுகளில் அரசு தளரத் தொடங்கியது. 1956-க்குப்பின் தாமிர விலை சரிந்தது. அவ்வாண்டில் பிரதமரான சர் ராய் வெலன்ஸ்கி, முன்னாள் இரயில் எஞ்சின் ஓட்டுநர். கூட்டரசை எப்படியும் காப்பது என்று உறுதி பூண்டவர். மறுபுறம், 1958 ஜூலையில் டாக்டர் ஹேஸ்டிங்ஸ் பண்டா பல பத்தாண்டுகளுக்குப்பின் நியாசாலாந்து திரும்பினார். கூட்டரசிலிருந்து விலகுவதே அவருடைய முழக்கம். 1959 மார்ச்சு 3-ஆம் நாள் அங்கு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, பண்டா சிறைப்பட்டார், ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தனர். இதை ஆராய்ந்த டெவ்லின் ஆணையம், நியாசாலாந்து தற்காலிகமாகவேனும் ஒரு காவல்துறை ஆட்சியாக இருக்கிறது என்று அறிக்கை தந்து லண்டனை அதிரவைத்தது.

1960 மே திங்களில் பிரிட்டனின் அரசியன்னை கரிபா மின்நிலையத்தைத் திறந்துவைத்தார். அதே ஆண்டு அக்டோபரில் மாங்க்டன் ஆணையம் தன் முடிவைக் கூறியது: இப்போதைய வடிவில் கூட்டரசை நீடிக்கச்செய்ய வேண்டுமானால் படைபலம் ஒன்றே வழி. 1961-இல் நியாசாலாந்துத் தேர்தலில் பண்டாவின் கட்சி பெருவெற்றி பெற்றது. வட ரொடீஷியாவில் 1962 தேர்தலுக்குப்பின் கென்னத் கவுண்டாவின் கட்சி ஆட்சியில் பங்கேற்றது. அவ்வாண்டு டிசம்பரில், விலகிச்செல்லும் உரிமை நியாசாலாந்துக்கு உண்டு என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 1963-இன் நடுவில் விக்டோரியா அருவியருகே மாநாடு கூடி, சொத்துகளையும் கடன்களையும் எவ்வாறு பங்கிடுவது என்று பேசியது.

அவ்வாண்டுதான் ஏரி முதன்முறையாக நிரம்பியது. ஏறத்தாழ 180 கன கிலோமீட்டர் நீர். ஒரு கன கிலோமீட்டர் நீர் 100 கோடி டன் எடையுள்ளது. 1963 செப்டம்பரில் ரிக்டர் அளவில் 6-ஐ ஒட்டிய நிலநடுக்கங்கள் அப்பகுதியை உலுக்கின. நீரின் பளுவும், பாறை இடுக்குகளில் புகுந்த நீரின் அழுத்தமும் சேர்ந்து, ஏற்கெனவே இறுகி நின்ற பழைய பிளவுகளை நழுவச்செய்தன என்பது அறிவியலார் தரும் விளக்கம். 1967 டிசம்பரில் நம் நாட்டில் கொய்னா அணையருகே நேர்ந்த பெரும் நிலநடுக்கமும் இவ்வகையைச் சேர்ந்ததே. கரிபாவின் வளைவு அதிர்வைத் தாங்கி நின்றது. மூன்று மாதங்களில் கூட்டரசின் கொடி இறங்கியது.

இன்றைய கரிபா

1964-இல் நியாசாலாந்து மலாவி ஆயிற்று. வட ரொடீஷியா ஜாம்பியா ஆயிற்று. தென் ரொடீஷியாவின் வெள்ளையர் அரசு 1965 நவம்பரில் தன்னிச்சையாக விடுதலை அறிவித்துக்கொண்டது. நீண்ட போருக்குப்பின் 1980-இல் அது ஜிம்பாப்வே ஆயிற்று. கடலில்லா ஜாம்பியா தெற்கு வழியை நம்பியிருக்க இயலாமல், 1970-களில் சீன உதவியுடன் தான்சானியத் துறைமுகத்துக்கு 1,860 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்துக்கொண்டது; கரிபாவின் வடகரையில் தனக்கென மின்நிலையமும் கட்டியது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரிவினையின்போது கரிபாவைத் துண்டாடவில்லை. இரு நாடுகளும் சரிபங்கு உரிமையுடைய ஒரு கழகத்திடம் ஒப்படைத்தனர். பின்னர் எல்லை மூடப்பட்டது. இரு அரசுகளும் ஒன்றையொன்று பகைவராகக் கருதின. அப்போதும் மின்சாரம் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1987-இல் ஜாம்பெசி ஆற்று ஆணையம் அப்பொறுப்பை ஏற்றது. மேலிருந்து திணிக்கப்பட்ட ஒன்றியம் பத்தாண்டுகளில் முறிந்தது. சரிபங்கு உரிமையோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நிற்கிறது. அந்தப் பங்கீட்டிலும் டோங்கா மக்களுக்கு இடமில்லை என்பதையும் மறத்தலாகாது.

2024-இல் கடும் வறட்சி வந்து ஏரி வற்றியபோது, ஜாம்பியாவும் ஜிம்பாப்வேயும் ஒருசேர இருளில் தவித்தன. அணையைக் காக்கும் செப்பனிடும் பணிகளை இரு நாடுகளும் கூட்டாகவே மேற்கொண்டன. கூட்டரசை வகுத்தவர்கள் தாமிரத்தையும் நிலக்கரியையும் நீரையும் கணக்கிட்டார்கள். அவை யாவும் சரியாகவே இருந்தன. பளுவை ஏற்க வேண்டிய கரைகளின் வலிமையை அவர்கள் அளந்து பார்க்கவில்லை. என் மாணவரின் கேள்விக்கு விடை இதுதான்.