உறை

வாளைச் செருகி வைக்கும் கூடு உறை. மலையாளத்தில் உற, கன்னடத்தில் ஒரெ, தெலுங்கில் ஒர; எல்லாம் ஒரே வேர். களுபோவில போதனா வைத்தியசாலையில் தாதியர் போடுவது கையுறை, வீட்டில் தலையணை உறை. காலுறையை மட்டும் பேச்சில் 'மேசு' என்போம். அது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல்.

கைத்துப்பாக்கிக்கும் இச்சொல்லே பொருந்தும். சட்டைக்குள் மறையும் ஒருவகை உறையில் உடம்போடு படுவது தோல். வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தகடு: சூட்டில் இளக்கி, துப்பாக்கியின் வடிவுக்கு அழுத்துவார்கள், ஆறியதும் அந்த வடிவிலேயே இறுகிவிடும். இடுப்புவாரில் கொளுவும் கொக்கிக்கும் உறைக்கும் நடுவே ஓர் இடைவெளி. சட்டை ஓரத்தை அதற்குள் செருகலாம். விசையை முழுதாக மூடாததை உறை என்றே சொல்லக்கூடாது. 'ஹோல்ஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல் எமக்குத் தேவையில்லை.