போறணை இல்லாத லயத்துக்கு கேக் வந்த கதை

மலையக வரலாறு என்று எங்கள் கைக்கு வரும் புத்தகங்களில் கோப்பி இருக்கும், தேயிலை இருக்கும், கங்காணி இருப்பார், குடியுரிமைச் சட்டம் இருக்கும், வேலைநிறுத்தம் இருக்கும். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் இந்தச் சனங்கள் பண்டிகை நாளில் என்ன சாப்பிட்டார்கள், அதை எப்படிச் செய்தார்கள், யார் காசில் செய்தார்கள் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. டிசம்பரில் ஸ்பிரிங்வெளிப் பக்கம் நமுனுகுல மலை மூட்டத்துக்குள் போய்விடும். வடகீழ்ப் பருவமழை விட்டுவிட்டுப் பெய்யும். அந்த ஈரத்துக்குள்ளும் லயத்துப் பக்கம் போனால் கேக் வாசம் வரும். அந்த வாசத்தின் வரலாற்றைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம். கேள்வி சின்னதுதான். போறணையே இல்லாத லயத்துக்கு கேக் எப்படி வந்தது?

முதலில் சொற்களைப் பார்ப்போம். இந்தியாவில் ‘கிறிஸ்துமஸ்’ என்பார்கள். நாங்கள் ‘நத்தார்’ என்கிறோம். அது போர்த்துக்கேயச் சொல். போறணையும் அவர்களுடையது, பாணும் அவர்களுடையது, விசுக்கோத்தும் குசினியும் அவர்களுடையவை. நத்தார் தட்டில் கேக்குக்குப் பக்கத்தில் வைக்கும் கொக்கிஸ், பேரளவில் ஒல்லாந்தர் விட்டுப்போனது. கேக் மட்டும் இங்கிலீசுக்காரர் கொண்டுவந்தது. ஆக நத்தார் அன்றைக்கு நாங்கள் பேசுவதைக் கேட்டாலே இலங்கையை ஆண்ட மூன்று வெள்ளைக்காரக் கூட்டமும் வரிசையாக வந்து நிற்கும். சொல் வந்துவிட்டது. பொருள் லயத்துக்கு வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

கேக்கையும் ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த நத்தாரின் உருவம் இங்கிலாந்திலேயே 1840களில்தான் பிடித்துக்கொண்டது. டிக்கன்ஸின் நத்தார்க் கதை வந்தது 1843இல். விக்டோரியா மகாராணி குடும்பம் நத்தார் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் பத்திரிகையில் வந்து பரவியது 1848இல். திருமதி பீற்றனின் வீட்டு நிர்வாகப் புத்தகத்தில் நத்தார் கேக்குக்கு ஒரு செய்முறை அச்சானது 1861இல். இதே வருடங்களில்தான் இலங்கை மலைநாட்டில் காட்டை வெட்டி கோப்பி போட்டார்கள், எங்கள் ஆட்களைத் தென்னிந்தியாவிலிருந்து நடத்தியே கூட்டிவந்தார்கள். பதுளை சென். மார்க்ஸ் தேவாலயம் 1857இல் திறக்கப்பட்டது. யானை வேட்டைக்குப் பேர்போன மேஜர் ரோஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து செத்தார், அவர் ஞாபகமாகக் கட்டியது அது. நத்தார் கேக்கும் தோட்டமும் ஏறக்குறைய ஒரே வயசுக்காரர்கள். ஒன்று பங்களாவுக்குப் போனது. மற்றதில் நாங்கள் இருந்தோம்.

பங்களாவில் போறணை இருந்தது, குசினி இருந்தது, அப்பு இருந்தார். முந்திரிகை வற்றலும் பிராந்தியும் கப்பலில் வந்தன. கறுவா, கராம்பு, ஏலக்காய், சாதிக்காய் எல்லாம் இந்த நாட்டிலேயே விளைந்தன. காலப்போக்கில் இங்கிலீசு கேக் இலங்கைக் கேக்காக மாறிப்போனது. கோதுமை மாவுக்குப் பதில் ரவை வந்தது, வாதுமைக்குப் பதில் கஜு வந்தது. பூசணித் தோசி, இஞ்சித் தோசி, சௌசௌ தோசி, தேன், பன்னீர் எல்லாம் உள்ளே போயின. ஹில்டா டியூட்ரம் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் புத்தகம் 1929இல் வந்தது. இங்கிலீசு தெரிந்த, போறணை உள்ள வீடுகளுக்கான புத்தகம் அது. ஆனால் அந்த மாதிரி வீடுகளில் மாவைக் குழைத்த கைகளில் எத்தனையோ இங்கிலீசு வாசிக்கத் தெரியாத கைகள்.

இந்த இடத்தில் கேரளத்துத் தலச்சேரியை ஒருதரம் எட்டிப் பார்க்கலாம். அஞ்சரக்கண்டி கறுவாத் தோட்டக்காரர் மர்டொக் பிரவுண் என்பவர் 1883 டிசம்பரில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரரிடம் போய், இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி இதேமாதிரி செய்து தா என்றாராம். பாப்பு பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சாராயம் ஊற்றிச் செய்தார், துரைக்குப் பிடித்துப்போனது. இந்தியாவின் முதல் நத்தார் கேக் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கேயும் ஒரு தோட்டத் துரை, ஒரு உள்ளூர்க் கை. வித்தியாசம் என்னவென்றால், பாப்பு சொந்தக் கடை வைத்திருந்தார், பேர் நின்றது. ஊவாவின் பங்களா அப்புமாருக்குக் கடை இல்லை, பேரும் நிற்கவில்லை. அவர்களில் எத்தனை பேர் நமது ஆட்கள், எத்தனை பேர் சிங்கள ஆட்கள் என்பதைச் சொல்ல ஒரு பட்டியல்கூடக் கிடையாது.

அப்படியானால் லயத்தில் நத்தார் எப்படி இருந்தது? வேதக்கார ஆட்கள் லயத்தில் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். திருச்சி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்களில் கத்தோலிக்கர் இருந்தார்கள். அங்கிலிக்கன் சபையின் ‘தமிழ்க் கூலி மிஷன்’ 1854இல் மலைநாட்டில் தொடங்கியது, அதற்கு உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். 1880களில் மெதடிஸ்த மிஷன் ஊவாவுக்கு வந்தது. பதுளைக்கென்று தனிக் கத்தோலிக்க மறைமாவட்டம் 1972இல்தான் அமைந்தது. அதன் முதல் ஆயர் லியோ நாணாயக்கார கண்டியை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்.

உபதேசியார் வேதத்தைக் கொண்டுவந்தார். கேக்கைக் கொண்டுவரவில்லை. அவர் ஊரிலேயே நத்தாருக்குச் செய்தது பலகாரம்தான். முறுக்கு, அதிரசம், அச்சுமுறுக்கு, முடிந்தவர்களுக்குக் கோழிக் குழம்பு, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு. பார்த்தால் அப்படியே தீபாவளி. எண்ணெய்க் குளிப்பு இல்லை, மற்றதெல்லாம் ஒன்றுதான். அது லயத்துக்குப் பொருந்தியும் வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், மூன்று கல் அடுப்பில், கவ்வாத்து மிலாறு எரித்துப் பலகாரம் சுடலாம். எண்ணெய் காய்ந்தால் போதும். கேக்குக்கு மேலேயிருந்தும் சூடு வேண்டும்.

அதைவிடப் பெரிய தடை காசு. பழைய காலத்தில் தொழிலாளியின் கடனை எழுதி வைக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பேர். அந்தக் கடனை அடுத்த தோட்டம் கட்டினால்தான் ஆள் அங்கே போகலாம். 1921இல் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் முன்கூட்டிக் காசு வாங்கிப் பிறகு உழைத்துத் தீர்க்கும் பழக்கம் ஒழியவில்லை. பண்டிகை முற்பணம் என்று இன்றும் வாங்குகிறோமே, இந்துக்கள் தீபாவளிக்கும் வேதக்காரர் நத்தாருக்கும், அதுவும் மாசாமாசம் சம்பளத்தில் கழியும் காசுதான். முற்பணத்தைக் கேவலமாகச் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் எத்தனையோ வீட்டில் பண்டிகையே இல்லை. ஆனால் எங்கள் சந்தோசத்துக்குக்கூட வருங்கால உழைப்பை அடகு வைக்கவேண்டியிருக்கிறது என்பது எழுதிவைக்க வேண்டிய விசயம்.

இனி மாவு. 1942இல் பர்மா யப்பான் கையில் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அரிசிக்குப் பங்கீடு, இடத்தை நிரப்பக் கோதுமை மாவு. தோட்டத்து ரொட்டி இவ்வளவு உறுதியாகக் காலூன்றியதில் யுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ரொட்டிக்கு மாவும் உப்பும் தண்ணியும் போதும். கேக்குக்கு சீனி, முட்டை, பட்டர் வேண்டும். 1973-74 பஞ்சத்தில் அந்த மாவே கிடைக்கவில்லை. தோட்டங்களில் பசியால் ஆட்கள் செத்தார்கள். அந்தக் காலத்து நத்தாரைப் பற்றிக் கேட்டால் எங்கள் அம்மாயிமார் கேக்கைப் பற்றிப் பேசுவதில்லை. ‘பாணுக்கு வரிசையில நின்னோம்’ என்று மட்டும் சொல்லுவாங்க.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. திருகோணமலையில் பெரிய மாவு ஆலை 1980 அளவில் ஓடத் தொடங்கியது. கடைகளில் மாவு, சீனி, பக்கெட் மாஜரின் தாராளமாக வந்தன. 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே நாட்கூலி என்றானது. அதுவரை கொழுந்து எடுத்து இந்த நாட்டுக்கே சோறு போட்ட பெண்களுக்குக் கூலி குறைவு, அதையும் பல வீட்டில் புருசன்மார்தான் போய் வாங்குவார்கள். லயத்துக் கேக் இந்தக் காலத்தில்தான் பரவியது என்பது எங்கள் வாசிப்பு. அதைக் கொண்டுவந்தது மிஷனும் இல்லை, பங்களாவும் இல்லை. மாஜரின் பக்கெட்டும் பெண்கள் கைக்கு வந்த கொஞ்சக் காசும்தான் கொண்டுவந்தன. இதே ஆண்டுகளில்தான் 1983 யூலையில் பதுளை டவுனில் தமிழர் கடைகள் எரிந்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பண்டிகைச் சாமான் வாங்கப் போன கடைகள் அவை.

காசும் மாவும் வந்தன. போறணை? அதற்கு லயம் இரண்டு வழி கண்டது. முதலாவது மணல் சட்டி. பெரிய அலுமினியச் சட்டியில் அரித்த மணலைப் பரப்பி அடுப்பில் காயவைப்பார்கள். கேக் கலவையை எண்ணெய்க் கடதாசி போட்ட தட்டில் ஊற்றி உள்ளே இறக்கி, மேலே தகரத்தால் மூடி, தகரத்தின் மேல் தணலை அள்ளிக் கொட்டுவார்கள். கீழே மிலாறு நெருப்பு மெல்லியதாக எரியவேண்டும், மேலே தணல் ஆறக்கூடாது. மணிக்கூடு தேவையில்லை. வாசம் சொல்லும், பிறகு ஈர்க்குக் குச்சியைக் குத்திப் பார்த்தால் குச்சி சொல்லும். அடி கொஞ்சம் கருகினால் சீவிவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்தக் கருகலுக்குத்தான் அடிபிடி.

இரண்டாவது வழி டவுன் பேக்கரி. பாண் சுட்டு முடிந்ததும் போறணையில் மிஞ்சியிருக்கும் சூட்டில், சின்னக் காசுக்கு மற்றவர்களின் கேக்கையும் சுட்டுக் கொடுப்பார்கள். கலவையைத் தட்டில் ஊற்றி, துணியால் மூடி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகவேண்டும். வளைவுக்கு வளைவு தட்டு சரியும். பேக்கரியில் எல்லாத் தட்டும் ஒரேமாதிரி இருப்பதால் பேர் எழுதிய துண்டு ஒன்றைக் கட்டிவிடுவார்கள். தாத்தா காலத்தில் ஆளைக் கட்டிய துண்டு, பேத்தி காலத்தில் கேக்கைக் கட்டியது. சிரிப்பாக இருந்தாலும் வரலாறு என்று இதைத்தான் நினைக்கிறோம்.

கேக் வந்தபிறகும் பலகாரம் போய்விடவில்லை. தட்டில் இரண்டும் இருக்கும். தட்டு லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை போகும். பெரும்பாலான வீடுகள் இந்து வீடுகள், அவர்கள் தீபாவளிக்குக் கொடுத்த தட்டுக்கு இது பதில். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை, ஒன்றுமில்லாவிட்டால் சீனியாவது ஒரு கரண்டி போட்டுத்தான் வரும். கெரோல் பாடி வரும் கூட்டத்திலும் விபூதி நெற்றிகள் இருக்கும். பாலன் குடிலுக்கு வைக்கோலும் பாசியும் தேடிப் போகும் பொடியன்களில் யார் எந்தச் சமயம் என்று பார்ப்பதில்லை. சின்ன லயத்தில் சேர்ந்து வாழ வேறு வழியும் இல்லை.

இப்போது நிலைமை வேறு. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அந்த ரயிலில் இன்று டிசம்பர் 23, 24இல் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்குகிறார்கள், கையில் கடைக் கேக் பெட்டி. வாங்கிவந்த பிள்ளையைக் குறைசொல்ல முடியாது. லீவு இரண்டு நாள்தான். சில வீடுகளில் கரண்ட் போறணை வந்துவிட்டது, மணல் சட்டியைப் பார்த்தே இராத பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். 2022 நெருக்கடியில் கடைசியாக ஒருதரம் பழையது திரும்பியது. காஸ் இல்லை, கரண்டும் நேரத்துக்கு இல்லை, பாண் விலை ஏறிப் போனது. அந்த டிசம்பரில் ஒரு முட்டை 50 ரூபாயைத் தாண்டியது. பத்து முட்டைக் கேக் என்றால் முட்டைக்கு மட்டும் 500 ரூபாய்க்கு மேல். 2021இல் போராடிக் கிடைத்த நாட்கூலி 1000 ரூபாய். அரைநாள் கொழுந்து முட்டைக்கே போய்விடும். அப்போதும் கேக் சுட்ட வீடுகள் இருந்தன. ஐந்து முட்டை போட்டுச் சுட்டார்கள், தட்டைச் சின்னதாக வெட்டினார்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறோம் என்று கேட்கலாம். எங்கள் வரலாறு முழுக்கச் சாவும் கடனும் என்று எழுதினால் அதில் பாதிதான் இருக்கும். அந்தக் கடனுக்குள்ளேயே ஒரு சட்டியும் மணலும் எடுத்து, துரைக்கு மட்டும் என்றிருந்த ஒன்றைத் தன் பிள்ளைக்குச் சுட்டுக் கொடுத்த பெண்களும் அந்த வரலாற்றில் வேண்டும். அவர்கள் செய்முறையை எழுதி வைக்கவில்லை. எவ்வளவு மணல், எத்தனை கைத் தணல், எந்த மரத்து மிலாறு புகையாமல் எரியும் என்பதெல்லாம் அவர்கள் தலைக்குள் இருக்கிறது, அவர்களுக்கும் வயசாகிறது.

அதனால் வாசிக்கிறவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். இந்த நத்தாருக்கு வீட்டுக்குப் போகும்போது அம்மாயியோ அப்பாயியோ இருந்தால் அடுப்படியில் உட்கார்ந்து மூன்று விசயம் கேளுங்கள். முதல் கேக்கை எந்த வருசம் சாப்பிட்டாங்க? யார் சுட்டது? காசு எங்கிருந்து வந்தது? போனில் பதிந்துகொண்டு வாருங்கள். பேரையும் தோட்டத்தையும் சொல்ல அவர்கள் சம்மதித்தால் அதையும் சேர்த்து எழுதுவோம். பங்களா அப்புமாரின் பேர்கள் போனமாதிரி இவர்களின் பேர்களும் போகக்கூடாது.