வெண்ணெய்க்கு ஓர் அனுமதிக் கடிதம்

ஜெர்மன்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஷ்டோலன் இல்லாமல் முடியாது. சர்க்கரைத் தூள் போர்த்திய நீளமான ரொட்டி. துணியில் சுற்றிய குழந்தை இயேசுவின் உருவம் என்பார்கள். உள்ளே உலர்திராட்சை, பாதாம், சர்க்கரைப் பாகில் ஊறிய எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், எல்லாவற்றுக்கும் மேலாக வெண்ணெய். டிரெஸ்டன் நகரத்து ஷ்டோலனுக்குத்தான் பெயர் அதிகம். அந்தப் பெயரைப் போட்டு விற்க வேண்டுமானால் நூறு பங்கு மாவுக்கு ஐம்பது பங்கு வெண்ணெயாவது இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

ஆனால் தொடக்கத்தில் அதில் வெண்ணெயே கிடையாது. 1474-ல் டிரெஸ்டன் மருத்துவ இல்லம் ஒன்றின் கணக்கில் இந்த ரொட்டி வருகிறது. அப்போது அது விரத உணவு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் நோன்புக் காலம். இறைச்சி, பால், வெண்ணெய் எதுவும் கூடாது. மாவு, ஈஸ்ட், தண்ணீர், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். இத்தாலிக்காரருக்கு இது கஷ்டமில்லை, வீட்டு வாசலிலேயே ஆலிவ் மரம். சாக்சனியில் ஆலிவ் வளராது. உள்ளூர் எண்ணெயின் ருசியோ சொல்லும்படி இல்லை.

சாக்சனி ஆட்சியாளர்கள் ரோமுக்கு விண்ணப்பம் போட்டார்கள். 1491-ல் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் அனுமதிக் கடிதம் அனுப்பினார். "வெண்ணெய்க் கடிதம்" என்றே அதற்குப் பெயர். நோன்பில் வெண்ணெய் சேர்க்கலாம், ஆனால் சும்மா இல்லை. காணிக்கை கட்ட வேண்டும். 1484-ல் தீப்பிடித்து எரிந்த ஃபிரைபெர்க் பேராலயத்தைத் திரும்பக் கட்ட அந்தப் பணம் போயிற்று. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இந்த நடைமுறை புதிதாகத் தெரியவில்லை. முதலில் தடை, பிறகு விலக்கு, விலக்குக்குக் கட்டணம். கட்டணம் கட்ட முடியாத ஏழை என்ன செய்வான்? பழைய எண்ணெயையே ஊற்றிப் பிசைவான்.

இது ஜெர்மனியில் மட்டும் நடந்ததல்ல. பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ரூவான் பேராலயத்தின் "வெண்ணெய்க் கோபுரம்" தெரிந்த பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர். நார்மண்டிக்காரனிடம் வெண்ணெயைத் தொடாதே என்றால் நடக்கிற காரியமா!

மார்ட்டின் லூத்தருக்கு இது பொறுக்கவில்லை. தாங்கள் செருப்புக்குக்கூடப் பூசாத எண்ணெயை நம்மைத் தின்ன வைத்துவிட்டு, வெண்ணெய் தின்னும் உரிமையை நமக்கே விற்கிறார்கள் என்ற பொருளில் 1520-ல் எழுதினார். மதச் சீர்திருத்தத்துக்குப் பெரிய பெரிய காரணங்கள் சொல்வார்கள். அடுப்படிக் காரணமும் ஒன்று உண்டு. 1539-ல் டிரெஸ்டன் லூத்தர் பக்கம் போனபின் அந்தக் கடிதத்துக்கே வேலை இல்லாமல் போயிற்று.

1730-ல் அகஸ்டஸ் மன்னர் தன் படை விழாவுக்கு 1.8 டன் எடையில் ஒரே ஷ்டோலன் செய்ய வைத்தாராம். அது அரசர் பெருமை, விடுங்கள். கிழக்கு ஜெர்மனிக் காலம்தான் என் மனதைத் தொடுகிறது. உலர்திராட்சை, பாதாமுக்குத் தட்டுப்பாடு. மேற்கிலிருந்த உறவினர்கள் அவற்றைப் பார்சலில் அனுப்புவார்கள். டிரெஸ்டன்காரர்கள் ஷ்டோலனாகச் சுட்டு, அதே எல்லையைத் தாண்டித் திருப்பி அனுப்புவார்கள். பாகில் ஊறிய எலுமிச்சைத் தோலுக்குப் பதிலாகப் பச்சைத் தக்காளியைப் பாகில் போட்டுத் தயாரித்ததும் உண்டு. நம் பேக்கரியில் பப்பாளிக்காய் டூட்டி ஃப்ரூட்டி ஆவதில்லையா, அப்படித்தான்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு: 300 கிராம் உலர்திராட்சையை முதல் நாள் இரவே ரம்மில் ஊறப்போடுங்கள் (ஆகாதவர்கள் ஆரஞ்சுச் சாற்றில்). அரைக் கிலோ மைதா, கால் கிலோ வெண்ணெய், வெதுவெதுப்பான பால், ஈஸ்ட், கொஞ்சம் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து பொங்க விடுங்கள். வெண்ணெய் அதிகமான மாவு மெதுவாகத்தான் பொங்கும், அவசரம் கூடாது. பழம், பாதாம், தோல் கலந்து, இரண்டாகப் பிரித்துத் தட்டி, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின் மேல் மடியுங்கள். 170 டிகிரியில் முக்கால் மணி நேரம். சூடாக இருக்கும்போதே உருக்கிய வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஆறியபின் சர்க்கரைத் தூளைக் கொட்டுங்கள். இரண்டு வாரமாவது சுற்றி வைத்தால்தான் ருசி ஊறும். நம் வெயிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் இடம். வெட்டும்போது ஓரத்திலிருந்து வெட்டாமல் நடுவில் வெட்டி எடுத்துவிட்டு, மீதி இரண்டு பாதியையும் ஒட்டித் தள்ளி வையுங்கள். காயாது.