கொல்லைப்புறமும் காணியுரிமையும்

படையெடுப்புகளையும் கோட்டைகளின் வீழ்ச்சியையும் வரலாறு என்று படித்துப் பழகிவிட்டோம். ஒரு குடியானவன் வீட்டின் பின்புறம் முருங்கை நின்றதா, அவரைக்கொடி பந்தலேறியதா என்பனவெல்லாம் வரலாற்றாசிரியர்களின் கவனத்திற்கு அரிதாகவே வருகின்றன. ஆனால், அந்த முருங்கையை நட்டவனுக்கு அதன் காயைப் பறிக்கும் வரை அந்த மண்ணில் இருக்க உரிமை இருந்ததா என்று கேட்டுப் பார்ப்போமானால், ஒரு வட்டாரத்தின் நிலவுடைமை வரலாறு கொல்லைப்புறத்திலேயே விரிந்து கிடப்பது புலனாகும். செங்கல்பட்டுச் சீமையை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

மண்ணும் மழையும்

செங்கல்பட்டு ஏரிகளின் நாடு. பாலாறு ஓடுகிறதென்று பெயரே தவிர, ஆண்டின் பெரும்பகுதி அதில் மணல்தான் ஓடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீரைத் தேக்கி வைக்கவே நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினர். ஏரி நீர் கழனிக்குப் போயிற்று. கொல்லைக்கோ வீட்டுக் கிணறும், துலக்கிய நீரும், குளித்த நீருமே கதி.

இந்தக் குறையிலிருந்தே கொல்லைக் கலை பிறந்தது. குளிக்கும் இடத்திலிருந்து நீர் வழிந்தோடும் பாதையில் வாழை வைத்தனர். அதன் ஓரத்தில் சேம்பு வளர்ந்தது. ஆடியில் அவரை, புடல், பீர்க்கு, பூசணி விதைகளை ஊன்றினால் வடகிழக்குப் பருவமழை அவற்றை வளர்த்துவிடும். பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்புடைய நாட்டு அவரை, மார்கழி தைப் பனியில் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. கோடையில் கிணற்றடியில் கீரைப்பாத்தியும் இரண்டு கத்திரிச் செடியும் நின்றால் போதும் என்றிருந்தனர். அடுப்புச் சாம்பலும் மாட்டுச் சாணமும் எருவாயின. முருங்கைக்கு விதை தேடவில்லை. அண்டை வீட்டில் ஒரு போத்து வாங்கி நட்டனர். ஆடு நுழையாதிருக்கக் கிளுவையும் கள்ளியும் உயிர்வேலியாயின. வேலி நட இடமில்லாதோர் பனையோலைப் படல் கட்டினர்.

மாமல்லபுரக் கடற்கரைக்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே மணல் நீரை நிறுத்தாது. உப்புக்காற்று தளிரைக் கருக்கும். ஆயினும் மனிதர் சோர்ந்துவிடவில்லை. குழியைப் பெரிதாகத் தோண்டி, ஏரி வண்டலையும் எருவையும் இட்டு நிரப்பித் தென்னை வைத்தனர். காற்று வரும் பக்கம் பூவரசும் புன்னையும் நின்று காவல் செய்தன. கடலோர மணலில் மழைநீர், உவர்நீரின் மேல் மெல்லிய படலமாய்த் தங்கி நிற்கிறது. ஆழமில்லாத துரவில் அளவாக மொண்டால் இனிப்பு. பேராசையோடு இறைத்தால் உப்பு. இந்த நுட்பம் அறிந்த குடும்பங்களே அங்கே பச்சை கண்டன.

இவற்றுள் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. கீரை மூன்று வாரத்தில் கைக்கு வரும். அவரைக்கு ஆறு மாதம் வேண்டும். தென்னைக்கோ ஐந்தாறு ஆண்டுகள். கொட்டை போட்டு வளர்த்த மாவுக்கு அதனினும் மிகுதி. நாளைக்கு இந்த மனையில் நாம் இருப்போம் என்ற உறுதி உடையவன்தான் மரம் நடுவான். அந்த உறுதி இல்லாதவன் கீரையோடு நின்றுவிடுவான்.

நடுவதற்கும் ஓர் அனுமதி

மரமும் செடியும் நடுவதற்கு உரிமை வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலேயர் கொண்டுவந்ததன்று. பல்லவர் செப்பேடுகளில் காணும் வரிப்பெயர்களுள் குவளைக்காணம் என்பது ஒன்று. குவளை மலர் வளர்ப்பதும் அரசின் கணக்கில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. சோழர் காலச் செப்பேடுகளிலோ, தானம் பெற்றோருக்கு வழங்கப்பட்ட சிறப்புரிமைகள் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம்; கிணறு தோண்டலாம்; தமனகம், மரு, செண்பகம், செங்கழுநீர் முதலியன நடலாம் என்று அவை கூறுகின்றன. ஒருவருக்குச் சிறப்பாக அளிக்கப்பட்ட உரிமை, மற்றவருக்கு இயல்பாக இருந்திராது என்று ஊகிப்பதில் தவறில்லை.

மிராசும் கொல்லையும்

1763இல் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா இச்சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1765இல் மொகலாயப் பேரரசர் ஷா ஆலம் அதனை உறுதி செய்தார். தாம் பெற்ற நிலத்தின் அளவும் வருவாயும் அறிய விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தது. அடுத்து 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தது, குடிகள் சிதறினர், ஏரிகள் பாழாயின. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரி உட்படப் பலவற்றைச் செப்பனிட்டார்.

அளந்தவர்களுக்கும் வரி தண்ட வந்தவர்களுக்கும் ஒரு புதிர் எதிர்ப்பட்டது. ஊர் நிலம் யாருக்குச் சொந்தம்? தமிழில் காணியாட்சி என்றும், அரபுச் சொல்லால் மிராசு என்றும் அதற்கு விடை வந்தது. மீராஸ் என்றால் மரபுரிமைச் சொத்து என்பதை நம் வாசகர் அறிவர். சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் 1818இல் அச்சிட்ட ஆய்வில் இவ்வுரிமை விரிவாக எடுத்துரைக்கப்பட்டது. மிராசுதாரர் கழனிக்குத் தீர்வை செலுத்தினார். ஆனால், அவருடைய மனைக்கும், மனையின் பின்னுள்ள கொல்லைக்கும் தீர்வை இல்லை. அவர் வீட்டு வாழையும் மாவும் சர்க்காரின் கணக்குப்புத்தகத்திற்கு வெளியே செழித்தன.

மிராசு இல்லாதவர் நிலை என்ன? வெளியூரிலிருந்து வந்து குத்தகைக்கு உழுத புறக்குடிகள் இருந்தனர். அவர்களுக்கும் கீழே, தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் நாற்று நட்டுக் கதிர் அறுத்த படியாட்கள், சேரியில் இருந்தனர். சேரி நின்ற மனையும் தமதே என்று மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். ஊரில் முதலில் ஏர் பூட்டியவர்களின் பேரர்கள் தம் குடிசையின் பின்னால் ஒரு தென்னை வைக்கத் தயங்கினர். வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும் என்றிருக்கும்போது மரத்திற்கு ஏது காலம்?

கடல் கடந்து வந்த விருந்தினர்

இங்கே சற்று நின்று, அந்தக் கொல்லைகளில் எவை வளர்ந்தன என்பதையும் பார்த்துச் செல்வோம். கொய்யா, பப்பாளி, சீத்தா, முந்திரி, மிளகாய் யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் காலத்திற்குப் பின் வந்தவை. கொய்யா என்ற சொல்லே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. கடற்கரையெங்கும் இன்று காணும் சவுக்கு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகப் பயிராகத் தொடங்கியது. ஆர்க்காட்டு நவாபு சஆதத்துல்லாஹ் கானின் பெயரால் சஆதத் பந்தர் என வழங்கிய கோவளம், இக்கரையின் துறைமுகங்களுள் ஒன்றாய் விளங்கியது. துறைமுகம் உள்ள ஊருக்குச் சரக்கோடு விதையும் வரும். விதை எவரிடமும் பட்டா கேட்பதில்லை.

வீட்டுத்தோட்டத்தை ஒரு கல்வியாகவே போற்றிய நாகரிகங்களும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பிலிய்யா எனப்பட்ட செவில்லே நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், கிதாபுல் ஃபிலாஹா என்னும் வேளாண் நூலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட செடிகொடிகளைப் பற்றி எழுதினார். மண் சோதனை, எரு, ஒட்டுக்கட்டுதல், நீர் பாய்ச்சுதல் யாவும் அதில் உண்டு. அதே நாகரிகத்தின் சட்ட அறிஞர்கள், பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவனுக்கு அந்நிலத்தில் உரிமை உண்டு என்ற கொள்கையை விவாதித்தனர். அதற்கு ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்றார் இமாம் அபூ ஹனீஃபா. வேண்டியதில்லை என்றனர் அவருடைய மாணவர்களான அபூ யூசுஃபும் முகம்மதும். கருத்து வேறுபட்டாலும், உழைப்பு உரிமையைத் தோற்றுவிக்கும் என்பதை இரு சாராரும் ஏற்றனர்.

செங்கல்பட்டிலோ, அரபுச் சொல்லான மீராஸ் வழக்கிலிருந்தது. உழைத்தவனுக்கு உரிமை என்ற கொள்கை வழக்கில் இல்லை. தரிசு நிலத்திற்குத் தர்காஸ்து கொடுக்கலாம் என்று விதி இருந்தது. எனினும் அங்கும் மிராசுதாரருக்கே முன்னுரிமை. தரிசு தரிசாகக் கிடந்தாலும் சரி, படியாள் அதை உழக்கூடாது என்பதே நடைமுறையாயிற்று.

ஒரு கலெக்டரின் அறிக்கை

இந்த நிலையை வெளிப்படையாக எழுதியவர் செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த திரெமன்ஹீர். 1891இல் அவர் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இம்மாவட்டத்து ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்நிலையைப் பற்றியது. அவர்களுக்குச் சாகுபடி நிலம் கிடைக்காததையும், குடியிருக்கும் மனையிலும் உறுதி இல்லாததையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற கிறிஸ்தவப் பாதிரிமாரும் இதே குறையை வற்புறுத்தி வந்தனர். 1892 செப்டம்பர் 30ஆம் நாள் சென்னை அரசு ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று பின்னர் பெயர் பெற்ற நிலங்கள் ஒதுக்கப்பட்டது அதன்படியே. மாகாணம் முழுவதும் அவை ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் எனச் சொல்லப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பின்னும் அதே மக்களுக்கன்றிப் பிறருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் நின்றது. நிலம் பல இடங்களில் கைமாறிப் போயிற்று. நூறாண்டு கழித்து, செங்கல்பட்டை அடுத்த காரணையில் அத்தகைய நிலத்தை மீட்க மக்கள் எழுந்தனர். 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறையினர் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். திரெமன்ஹீரின் அறிக்கை எழுதப்பட்ட அதே மாவட்டத்தில் அதன் பயனைக் கேட்டவர்கள் மாண்டது வரலாற்றின் கொடுமை.

வீட்டுமனையைப் பொறுத்தவரை விடிவு 1971இல் வந்தது. அவ்வாண்டு தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்க்கும் கிராமக் கைவினைஞர்க்கும் அந்த மனையையே உரிமையாக்கியது. குடிசை நிற்கும் இடம் மட்டுமன்றி, அதை வசதியாக அனுபவிக்கத் தேவையான சுற்றிடமும் குடியிருப்பு என்ற சொல்லில் அடங்கும் என்று சட்டம் வகுத்தது. வறண்ட சட்ட மொழியில் ஒரு வாசகம்தான். ஆனால் முருங்கைக்கும் கிணற்றடிக் கீரைக்கும் முதன்முதலாக இடம் கொடுத்த வாசகம் அது.

இன்றைய நிலை

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. சென்னை தெற்கு நோக்கி வளர்ந்து ஏரிக்கரைகளைத் தொட்டுவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருமருங்கும் மணல் சதுர அடிக் கணக்கில் விலை போகிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் உவரேறிய கடலோரக் கிணறுகளைப் பருவமழைகள் மெல்ல மெல்லத் தேற்றின. ஆழ்துளைக் கிணறுகளால் ஏறும் உப்பை அவ்வளவு எளிதில் தேற்ற முடியாது. துரவில் அளவாக மொண்ட முன்னோர் அறிவு, மின்விசைக்குத் தெரியாது.

இக்கேடுகளுக்கிடையிலும் நம்பிக்கைக்கு இடமுண்டு. செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடிப் பெண்கள், 1986இல் தொடங்கிய தம் சங்கத்தின் வாயிலாக மூலிகைச் செடிகளை வளர்த்து வருகின்றனர். காட்டிலிருந்து அகற்றப்பட்ட ஒரு குடி, தன் அறிவைத் தோட்டமாக்கிக் காத்துக்கொண்டது.

அரசு இன்று ஏழைகளுக்கு இலவச மனைப்பட்டா வழங்குகிறது. கிராமங்களில் அது பெரும்பாலும் மூன்று சென்ட். வீடு கட்டி, கழிப்பறை கட்டிய பின் அதில் எஞ்சும் இடம் சில முழங்களே. மனையை அளப்போர் சுவர்களை மட்டும் எண்ணிக்கொண்டு அளக்கின்றனர். ஒரு முருங்கைக்கும், நீர் வழியும் பாதையில் ஒரு வாழைக்கும், ஓர் அவரைப் பந்தலுக்கும் வேண்டிய மண்ணையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மிராசுதாரரின் கொல்லைக்கு ஒரு காலத்தில் வரியே இல்லாமல் விட்டுக்கொடுத்த அரசுகள் இருந்தன. உழைப்பவனின் கொல்லைக்கு இன்னும் ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுப்பது இன்றைய அரசுக்குப் பெரிய காரியமன்று.