முதலாம் நூற்றாண்டின் கண்ணாடிக் கிண்ணமும் ஒரு கிரேக்கச் சொல்லும்

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாராய்ச்சி, ரோமானிய மட்கலங்களுக்காகப் பெயர்பெற்றது. அவ்விடத்தில் ரோமக் கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகளும் கிடைத்துள்ளன. முசிறித் துறைமுகத்தில் கச்சாக் கண்ணாடி இறக்குமதியானதை, கி.பி. முதலாம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் நூல் கூறுகிறது. இத்துண்டுகள் புதிய ஏற்பாட்டு மாணவருக்கும் பயன்படக்கூடியவை என்பதை இங்கே காட்ட விரும்புகிறோம்.

யோபு 28:17இல் கண்ணாடி பொன்னோடு சேர்த்து எண்ணப்படுகிறது. அக்காலத்தில் அது அரும்பொருள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் சீரிய-பாலஸ்தீனப் பகுதியில் குழாயால் ஊதிக் கண்ணாடிக் கலம் செய்யும் முறை தோன்றியது. எருசலேமின் யூதர் பகுதியில் 1969இல் தொடங்கி நாகுமன் அவிகாத் நடத்திய அகழ்வாராய்ச்சியில், இம்முறையின் தொடக்க நிலையைக் காட்டும் கழிவுகள் வெளிப்பட்டன. வேலை விரைவாயிற்று, விலை வீழ்ந்தது. ரோமாபுரியில் ஒரு செப்புக்காசுக்குக் கண்ணாடிக் குடிகலம் வாங்கலாம் என்று ஸ்திராபோ எழுதினார்.

இவ்வாறு எளியோர் கைக்கும் எட்டிய கலங்களுள், அச்சுக்குள் ஊதிச் செய்த குவளைகள் சில கிரேக்க எழுத்துகளைத் தாங்கியுள்ளன. அவற்றுள் ஒரு சொல் ‘யூப்ராயினூ’. மகிழ்ந்திரு என்பது பொருள். லூக்கா 12:19இல் மதிகெட்ட ஐசுவரியவான் தன் ஆத்துமாவுக்குச் சொல்லும் கடைசிச் சொல்லும் இதுவே. ஆகவே, உவமையைக் கிரேக்கத்தில் கேட்டோர், பந்தியில் வழங்கிய வாழ்த்தையே அதில் கேட்டிருக்கக்கூடும் என்று நாம் கருதலாம்.

மாரண்டஹள்ளி போன்ற வேளாண் ஊர்களில் அறுப்பின் பண்டிகையன்று இவ்வுவமையைப் பிரசங்கிக்கும் போதகர், மகிழ்ச்சியையே பாவமென்று கண்டித்துவிட நேரிடும். கேழ்வரகைக் களஞ்சியத்தில் சேர்த்த குடியானவன் அதனால் குற்றவுணர்வோடு வீடு திரும்புவான். ஆனால் லூக்கா 15ஆம் அதிகாரத்தில், காணாமற்போன மகன் திரும்பியபோது தகப்பன் செய்த விருந்துக்கும் இதே வினைச்சொல்லே வழங்குகிறது. தகப்பன் வீட்டாரோடு கூடி மகிழ்ந்தான். ஐசுவரியவானோ தன் ஆத்துமாவோடு மட்டும் பேசினான். குவளையின் வாழ்த்து பந்தியிலுள்ள பலருக்கு உரியது. அவன் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டான். குற்றம் அங்கேயே என அறிந்து பிரசங்கித்தல் நமது கடமையாகும்.